ஸ்லோ குக்கரில் கொத்துக்கறி கேசரோல்: கறி வறண்டு, கிழங்கு வேகாமல் போவது ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். தம்பி துபாயிலிருந்து வரும்போது ஐந்து லிட்டர் ஸ்லோ குக்கர் (குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கிற மின்சாரச் சட்டி) ஒன்று வாங்கி வந்தார். மாட்டுக் கொத்துக்கறி, உருளைக்கிழங்கு, சீஸ் எல்லாம் அடுக்கி வேகவைக்கிற அமெரிக்கக் கேசரோல் ஒன்றைப் பார்த்து அதில் செய்தீர்கள். காலை எட்டரைக்கு எல்லாவற்றையும் பச்சையாகப் போட்டு, குறைந்த சூட்டுக்கான 'லோ'வில் வைத்துவிட்டு மேலப்பாளையத்திலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வேலைக்குப் போய், மாலை ஆறரைக்கு வந்து திறந்தால் கறி வறண்டு பொலபொலவென்று உதிர்கிறது. கிழங்கு கடித்தால் நறுக்கென்கிறது. மேலே ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கிறது, ஊற்றிய பால் திரிந்து கிடக்கிறது. ஆறு பேருக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆகிற மாதிரி எளிதான செய்முறை ஒன்று சொல்லுங்கள் என்கிறீர்கள். எனக்குப் படுவது, நீங்கள் கேட்பது செய்முறையை அல்ல. ஒரே சட்டியில் கறி அளவுக்கு மீறி வெந்து கிழங்கு மட்டும் வேகாமல் நின்றது எப்படி என்பது ஒன்று. ஆளில்லாத வீட்டில் பச்சைக் கறியை அதில் விட்டுப் போவது சரிதானா என்பது இன்னொன்று.

நான் கப்பல் சமையலறையில் தொடங்கி, ஹோட்டல்களில் வேலை பார்த்து, இப்போது பாளையங்கோட்டையில் கேட்டரிங் படிக்கிற பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லித் தருகிறேன். சட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் குக்கர் எவ்வளவு சூடாகிறது என்பதை இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. அதை நீங்களே அளக்க வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். வீட்டில் கர்ப்பிணியோ நோயாளியோ இருந்தால் அவர்கள் என்ன சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், அது என் வேலை அல்ல.

முதலில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகிற நாளில் பத்து மணி நேரம் விட்டுப் போவதற்குக் கொத்துக்கறி ஏற்ற பண்டம் அல்ல. ஸ்லோ குக்கரின் பலமே கெட்டியான கறியை இளக்குவதுதான். கறித்துண்டில் இருக்கும் நாரும் ஜவ்வும் எழுபது, எண்பது டிகிரியில் மணிக்கணக்காகக் கிடந்தால் கரைந்து குழம்பு வழவழப்பாகும், கறியும் நூல் நூலாகப் பிரியும். கொத்துக்கறியில் அந்த வேலையைக் கத்தியோ இயந்திரமோ ஏற்கெனவே முடித்துவிட்டது. அதற்கு வெந்தால் போதும். அதன் பிறகும் வேகவைத்துக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு சின்னத் துணுக்கும் சுருங்கித் தன் நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் சட்டியில் மேலே நின்ற தண்ணீரில் பாதி கறியிலிருந்து வந்ததுதான். மீதி வெங்காயமும் தக்காளியும் விட்டது. மூடி இறுக்கமாக இருப்பதால் ஆவி திரும்பத் திரும்ப உள்ளேயே சொட்டுகிறது, சுண்டுவதற்கு வழியே இல்லை.

இந்தச் சாதனம் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தாலும் இது விளங்கும். இர்விங் நாக்ஸன் என்பவர் 1940இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். லித்துவேனியாவில் அவருடைய அம்மாவின் ஊரில், யூதக் குடும்பங்கள் ஓய்வு நாளுக்கு முந்திய மாலையில் பயறும் கறியும் போட்ட பானையை ரொட்டிக்கடை அடுப்பின் ஆறுகிற சூட்டில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்துச் சாப்பிடுவார்களாம். அதை வீட்டுக்குள் கொண்டுவரத்தான் அவர் பார்த்தார். 1971இல் 'கிராக்பாட்' என்ற பெயரில் கடைக்கு வந்த பிறகுதான் அமெரிக்கர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் அதில் போடத் தொடங்கினார்கள்.

சரி, கறி வெந்து தீர்ந்த சட்டியில் கிழங்கு ஏன் வேகவில்லை? கறி அறுபது டிகிரியைத் தாண்டும்போதே வேகத் தொடங்கிவிடும். கிழங்கு அப்படி அல்ல. அதன் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பசை எண்பது டிகிரிக்கு மேலே போனால்தான் நன்றாக நெகிழும். அது மட்டுமல்ல, கிழங்கு சுமார் 55 முதல் 70 டிகிரி வரையிலான சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அதிலிருக்கும் ஒரு நொதி அந்தப் பசையை இன்னும் கெட்டியாக்கிவிடும். அப்படி இறுகிய கிழங்கு பிறகு எவ்வளவு கொதித்தாலும் லேசில் குழையாது. 'லோ'வில் பச்சைக் கிழங்கைப் போட்டால் அந்தச் சூட்டை மெதுவாகக் கடப்பதற்கே அதற்கு நெடுநேரம் ஆகும். போதாக்குறைக்கு நீங்கள் மூன்று தக்காளியும் கொஞ்சம் புளியும் சேர்த்திருக்கிறீர்கள். புளிப்பு அந்தப் பசை கரைவதைத் தடுக்கும். புளி விட்ட குழம்பில் பிறகு போட்ட கிழங்கு வேக மறுப்பதை நம் வீடுகளில் எல்லாரும் பார்த்திருப்போம், காரணம் இதுதான். உப்புச்சுவையான போர் தண்ணீர் என்றால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் கூடச் சேர்ந்துகொள்ளும். கிழங்கை நீங்கள் மேலடுக்கில் வைத்ததும் ஒரு காரணம். சூடு சட்டியின் அடியிலும் பக்கத்திலும் இருந்து வருகிறது. வேக நேரம் பிடிப்பது எதுவோ அதுதான் அடியில் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேல்பரப்பில்தான் இருக்கும், சூடு பட்டவுடன் செத்துவிடும். கொத்தும்போது மேலே இருந்தது உள்ளே எல்லாம் கலந்துவிடுகிறது. அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை கொத்துக்கறிக்கு மட்டும் உள்சூடு 71 டிகிரி செல்சியஸ் வந்தாக வேண்டும் என்று தனியாகச் சொல்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமி வேகமாகப் பெருகும். பச்சைக் கொத்துக்கறியைக் குளிர்ந்த சட்டியில் கொட்டி 'லோ'வில் வைத்தால் அது அந்த எல்லையைத் தாண்ட மணிக்கணக்கில் ஆகலாம். நல்ல குக்கராக இருந்தால் தாண்டிவிடும். சூடு குறைந்த பழைய குக்கராக இருந்தால் சந்தேகம். ஃபிரீசரிலிருந்து எடுத்த கட்டியை அப்படியே போடுவது சந்தேகத்துக்கே இடமில்லாத தப்பு. காலையில் போட்டுவிட்டு மதியம்தான் சூடாகத் தொடங்கட்டும் என்று டைமர் வைப்பதும் அப்படியே, அதுவும் நம் ஊர் வெக்கையில்.

உங்கள் குக்கரைச் சோதிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, மூடி, 'லோ'வில் எட்டு மணி நேரம் விடுங்கள். திறந்தவுடன், ஆறவிடாமல், சமையல் வெப்பமானியை உள்ளே வைத்துப் பாருங்கள். 85க்கும் 93க்கும் இடையில் காட்டினால் குக்கர் சரியாக இருக்கிறது. 85க்குக் கீழே என்றால் அதில் கறி சமைக்க வேண்டாம். 93க்கு மேலே என்றால் புத்தகத்தில் போட்ட நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். குத்திப் பார்க்கிற டிஜிட்டல் வெப்பமானி பெரிய விலை இல்லை, ஸ்லோ குக்கர் வைத்திருப்பவர்கள் வீட்டில் அது அவசியம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மின்சாரத்தை மறந்துவிடாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை கரண்ட் நிற்கிற நாள் உங்கள் பகுதிக்கும் வரும், முதல் நாள் பேப்பரில் போடுவார்கள். அன்றைக்கு இந்த வேலையே வேண்டாம். சொல்லாமல் போகிற கரண்ட்தான் ஆபத்து. திருகுகிற குமிழ் வைத்த குக்கர் கரண்ட் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும், நடுவில் மூன்று மணி நேரம் நின்றது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பொத்தான் வைத்தவற்றில் பல அப்படியே நின்றுவிடும், அதில் குறைந்தபட்சம் விஷயமாவது தெரியும். ஆளில்லாதபோது எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியவில்லையென்றால், பார்க்க வெந்த மாதிரி இருந்தாலும் அந்தக் கறியைக் கொட்டிவிட வேண்டியதுதான். மறுபடி கொதிக்க வைத்தால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் அதற்குள் விட்டுவைத்த நஞ்சு கொதியிலும் அழியாது.

கறி வாங்குவதிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்கச் செய்முறை எழுதுகிறவர் மனதில் இருப்பது தீனி போட்டு வளர்த்த இளமாட்டின் கறி, அதில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கும். அதனால்தான் வதக்கி எண்ணெயை வடித்துவிடு என்கிறார்கள். தமிழ்நாட்டில் 1958ஆம் வருடத்து விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொதுவாகப் பத்து வயதைக் கடந்து, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாடுகளையே வெட்ட முடியும். எருமைக்கும் அதே விதிதான். ஆகவே நமக்குக் கிடைப்பது முற்றின, கொழுப்பு குறைந்த கறி. வடிக்க ஒன்றும் இருக்காது, இரண்டு கரண்டி எண்ணெய் நாம்தான் ஊற்ற வேண்டும். கடையில் தொடைச் சதையைக் காட்டி, ரொம்பப் பொடியாக இல்லாமல் கொஞ்சம் பருமனாகக் கொத்தச் சொல்லுங்கள். கொத்தின பிறகு கழுவினால் அது தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். கழுவாமல் மனம் கேட்காது என்றால் முழுத்துண்டாக வாங்கிக் கழுவி, துணியால் ஒற்றி, வீட்டு மிக்சியில் விட்டு விட்டு இரண்டு சுற்று சுற்றுங்கள்.

இனி செய்யும் விதம். ஐந்து லிட்டர் குக்கருக்கு முக்கால் கிலோ கொத்துக்கறி, ஒரு கிலோ உருளைக்கிழங்கு கணக்கு. சட்டி பாதியாவது நிறைய வேண்டும், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது. இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விட்டு, சோம்பு, பட்டை, கிராம்பு தாளித்து, கால் கிலோ வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குங்கள். இஞ்சி பூண்டு விழுது ஒன்றரைக் கரண்டி, பச்சை வாசம் போனதும் மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள். அப்புறம் கறியை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டு, தண்ணீர் வற்றி அடியில் லேசாகப் பிடித்துச் சிவக்கிற வரை விடுங்கள். இந்தச் சிவப்புக்கும் வாசனைக்கும் 140 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். தண்ணீர் கோத்த ஸ்லோ குக்கரில் எட்டு மணி நேரம் போட்டாலும் அது வராது. வதக்காமல் போடுகிற 'எளிதான' செய்முறைகள் சப்பென்று இருப்பது இதனால்தான், மிளகாய்த்தூளின் காறலும் அடங்காது. தக்காளி ஒன்று போதும், அதையும் கறியோடு சேர்த்துச் சுருள வதக்கிவிடுங்கள். புளி வேண்டாம்.

கிழங்கை அரை சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்கி, உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் ஐந்தாறு நிமிடம் வேகவிட்டு வடியுங்கள். ஓரம் மெத்தென்று, நடு லேசாகக் கடிபட வேண்டும். கொதிநீரில் நேரே விழுவதால் அந்த 55, 70 டிகிரிப் பொறியை அது சட்டென்று தாண்டிவிடும். அடுத்தது பால் சமாச்சாரம். அமெரிக்கச் செய்முறைகளில் பாலுக்குப் பதிலாக ஊற்றச் சொல்கிற, டப்பாவில் வரும் காளான் கிரீம் சூப் திரியாமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள மாவு. வெறும் பாலுக்கு அந்தக் காவல் இல்லை, தக்காளியும் சூடும் சேர்ந்தால் திரியாமல் என்ன செய்யும்? நாற்பத்தைந்து கிராம் வெண்ணெயில் அதே அளவு மைதாவைச் சிவக்காமல் வறுத்து, 450 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டினால் கெட்டியான வெள்ளைச் சாஸ் வரும். உப்பும் மிளகுத்தூளும் போடுங்கள். பத்து மொட்டுக் காளானை நறுக்கி வதக்கிச் சேர்த்தால் டப்பா சூப்பை விட நன்றாகவே இருக்கும். வீட்டில் பால் ஆகாதவர் இருந்தால் தேங்காய்ப் பால் விடலாம். ஆனால் சொதியில் முதல் பாலைக் கடைசியாக ஊற்றிக் கொதிவருமுன் இறக்குவோமே, அதே மாதிரி இங்கேயும் இறக்கப் போகும்போதுதான் விட வேண்டும்.

பீங்கான் சட்டியில் வெண்ணெய் தடவி, பாதிக் கிழங்கு, அதன்மேல் சூடான கறி முழுவதும், பிறகு மீதிக் கிழங்கு, எல்லாவற்றுக்கும் மேலே சாஸ். குக்கரை 'ஹை'யில் கால் மணி முன்னாலேயே போட்டு வைத்திருங்கள். எல்லாமே சூடாக உள்ளே போவதால் 'ஹை'யில் இரண்டு, இரண்டே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். 'லோ' என்றால் நான்கு மணி. நேரம் குக்கருக்குக் குக்கர் கொஞ்சம் மாறும், முதல் தடவை ஒன்றே முக்கால் மணிக்கு ஒரு கிழங்கைக் குத்திப் பாருங்கள். அதற்கு முன்னால் எத்தனை ஆசையாக இருந்தாலும் மூடியைத் தூக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் பதினைந்து இருபது நிமிடச் சூடு போய்விடும். கடைசிக் கால் மணியில் நூறு கிராம் சீஸ் துருவிப் போடுங்கள். அமுல் டப்பா சீஸே போதும். பதப்படுத்தும்போது சேர்க்கிற உப்புகள் இருப்பதால் அது எண்ணெய் கக்காமல் உருகும். விலை கூடிய செடார் வாங்கி, அது எண்ணெய் விட்டு நிற்பதைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம்.

ஆறரைக்கு வீட்டுக்கு வருகிறவருக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா? நடக்கும். கறி வதக்குவதைக் காலையிலேயே செய்யலாம், ஆனால் முழுக்க வேகவைத்து, ஆறவிட்டுத் தாமதிக்காமல் அகலமான பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். அரைவேக்காடாக வதக்கி வைப்பது கூடவே கூடாது. சாயங்காலம் வந்து கறியை ஆவி பறக்கச் சூடாக்கி, கிழங்கை வேகவிட்டு, சாஸ் கிண்டி அடுக்கினால் ஏழேகாலுக்குக் குக்கர் ஓடத் தொடங்கும். ஒன்பதரைக்குச் சாப்பாடு. பிள்ளைகள் அதற்குள் தூங்கிவிடும் என்றால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கிழங்கை இன்னும் நான்கு நிமிடம் கூட வேகவிட்டு, இதையே அடிகனமான சட்டியில் அடுக்கி, தோசைக்கல்லின் மேல் வைத்து இருபத்தைந்து நிமிடம் தம் போட்டாலும் ஏறக்குறைய இதே ருசிதான். ஸ்லோ குக்கர் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதில் செய்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

வேலை நாளுக்கு நான் சொல்வது வேறு வழி. கொத்துக்கறிக்குப் பதிலாக ஒன்றரைக் கிலோ தொடைக்கறியைப் பெரிய துண்டுகளாக வாங்குங்கள். மேல்புறம் சிவக்க வறுத்து, வதக்கிய மசாலாவும் வெங்காயமும் ஒன்றரை டம்ளர் கொதிநீரும் சேர்த்து, காலையில் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் 'ஹை'யிலும், போகும்போது 'லோ'வுக்கு மாற்றியும் விடுங்கள். அவ்வளவு நேரம் அதற்குத் தேவைதான், நம் ஊர் முற்றின கறிக்கு அது வரமும்கூட. வந்து கரண்டியால் அழுத்தினாலே நாராகப் பிரியும். சாறை அடுப்பில் சுண்டவைத்துக் கறியோடு கலந்து, வேகவைத்து மசித்த கிழங்கை மேலே பரப்பி, சீஸ் தூவி, அதே சட்டியில் 'ஹை'யில் இருபது நிமிடம். ஆறு பேருக்குத் தாராளமாக வரும், கேசரோலும் ஆயிற்று. கரண்ட் விஷயம் மட்டும் இதற்கும் பொருந்தும். செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பெரும்பாலான ஸ்லோ குக்கர்கள் 200, 300 வாட்தான். பத்து மணி நேரம் ஓடினாலும் இரண்டு மூன்று யூனிட்டைத் தாண்டாது.

சில செய்முறைகளில் ராஜ்மா சேர்க்கச் சொல்வார்கள். பச்சை ராஜ்மாவை ஊறவைத்து நேரே ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். அதிலுள்ள ஒரு நஞ்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும், குறைந்த சூட்டில் வெந்தால் வயிற்றைப் புரட்டிவிடும். ஊறின தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பிலோ பிரஷர் குக்கரிலோ முழுக்க வேகவைத்த பிறகு சேர்க்கலாம். அரிசி போட்டு அடுக்கும் முறையும் உண்டு. அம்பை 16 மாதிரிக் குண்டரிசி இதில் களியாகிவிடும், அதனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சோற்றைத் தனியாக வடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கடையில் பரோட்டா வாங்கிக்கொள்ளுங்கள்.

மிஞ்சியதைப் பீங்கான் சட்டியோடு ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே ஆற நேரமாகும், சட்டியும் விரிசல் விடலாம். ஆழமில்லாத பாத்திரத்துக்கு மாற்றி, கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், மற்ற நாளில் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். மறுநாள் சூடாக்குவது அடுப்பில்தான், ஸ்லோ குக்கரில் வேண்டாம். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது அமெரிக்காவிலிருந்து குக்கர் வந்திருந்தால் ஒரு விஷயம்: துபாய் சாதனத்துக்கு நம் 230 வோல்ட் ஒத்துப்போகும், பின்னை மாற்றினால் போதும். அமெரிக்க சாதனம் 120 வோல்ட்டுக்கானது. அதை நேரே நம் பிளக்கில் சொருகினால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு மின்சக்தியை இழுத்துக் கருகிவிடும். அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துப் பார்த்து, அதற்குத் தக்க வாட் தாங்குகிற டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் போட வேண்டும்.